கஞ்சிப் பாத்திரத்தின் அடியில் இருந்த விலை

ஐம்பத்திரண்டு வயதில், இடது காலணிக்குள் குதிகாலுக்கு அடியில் ஐந்து கோபெக் சில்லறை நாணயம் ஒன்றை வைத்துக்கொண்டு, ரிம்மா அர்க்காதியெவ்னா தேர்வுக்குப் போனாள். ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்து மாணவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. ஐந்துதான் முழு மதிப்பெண். ஐந்து கோபெக்கை மிதித்தபடி உள்ளே போனால் ஐந்து கிடைக்கும் என்பது நம்பிக்கை. இருபத்துநான்கு வருடம் தேர்வு மேசையின் ஆசிரியர் பக்கம் உட்கார்ந்து, நொண்டி நொண்டி வரும் பிள்ளைகளைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். இப்போது அவளே நொண்டினாள்.

கல்லூரியில் அவள் கற்பித்து வந்த பாடத்தின் பெயர் சோசலிச அரசியல் பொருளாதாரம். 1991 டிசம்பரில் சோவியத் நாடே இல்லாமல் போயிற்று. ஜனவரியில், அதுவரை அரசு கட்டி வைத்திருந்த விலைகளை அவிழ்த்து விட்டார்கள். பிப்ரவரியில் துறையின் கதவில் இருந்த பலகையைக் கழற்றி, ‘பொருளாதாரக் கோட்பாட்டுத் துறை’ என்று வேறு பலகை மாட்டினார்கள். பலகை மாற்ற ஒரு தச்சரும் நான்கு திருகாணிகளும் போதும். உள்ளே இருந்த பதினொரு பேரை என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு மாதம் மாலை வகுப்பு. அதன்பின் மாஸ்கோவிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வரும். மாணவர்களைப் போலவே ஆசிரியர்களும் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அரை மணி நேரம் தயாரிப்பு. பிறகு, சக ஆசிரியர்கள் முன்னிலையில் இருபது நிமிடப் பாடம். தேறியவர் இருக்கலாம். தேறாதவருக்கு வருடக் கடைசியோடு சரி.

ஓய்வூதியத்துக்கு ரிம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. வீட்டில் கணவன் கிளெப் படுக்கையில் இருந்தான். ஆயுதத் தொழிற்சாலையில் பொறியாளனாக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் திரும்பி வந்தது, கொஞ்சம் குழறலோடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகைக் கற்பூரத் தைலத்தால் துடைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அவன் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. வந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாள், அவ்வளவுதான். இந்த வேலை போனால் சோசலிசப் பொருளாதாரம் தெரிந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு ஊரில் வேறு யார் வேலை தருவார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கே தெரியும் என்பதால் அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை.

ஒத்திகைக்கு வீட்டில் கரும்பலகை இல்லை. துணி அலமாரியின் கதவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். கிளெப் படுக்கையிலிருந்து பார்த்தான்.

“விலையைப் போய் ஏன் நட்டுக்க நிக்கிற கோட்டுல போடற? அது படுத்த கோட்டுலதானே வரணும்?”

“புத்தகத்துல இப்படித்தான் இருக்கு.”

“புத்தகம் எழுதினவனுக்குக் கணக்கு தெரியாது.”

“தெரியலைன்னா என்ன? அவனுக்கு இறைச்சி கிடைக்குது.”

புத்தகம் என்பது ஓர் அமெரிக்கப் பாடநூலின் மொழிபெயர்ப்பு. ஒளிநகலின் ஒளிநகல். அதில் எட்டும் மூன்றும் ஒரே மாதிரி தெரிந்தன. பீட்சாவின் விலை ஏறினால் மக்கள் சாண்ட்விச்சுக்கு மாறுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. ரிம்மா அதை மனப்பாடம் செய்தாள்.

“ரெண்டுமே கடையில இல்லைன்னா எதுக்கு மாறுவாங்க?” என்று கேட்டான் கிளெப்.

“சும்மா கிட. அது அவங்க பாடத்துல இல்லை.”

உண்மையான சிக்கல் பீட்சாவில் இல்லை, அவள் வாயில் இருந்தது. இருபத்துநான்கு வருடமாக எந்தப் பாடமானாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: “கட்சியின் மாநாடு மிகச் சரியாகச் சுட்டிக்காட்டியபடி...” கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டின் எண் மட்டும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். உழவு பற்றிய பாடமானாலும் உருக்கு பற்றியதானாலும் வாய் தானாக அங்கே போய் நிற்கும், வண்டி மாடு வீட்டு வாசலில் நிற்பது போல. இப்போதும் அலமாரிக் கதவின் முன் நின்று, “கட்சியின் இருபத்தேழாவது மாநாடு...” என்று தொடங்கிவிடுவாள்.

உடனே ணங் என்று ஒரு சத்தம். கிளெப் இடது கையில் இருந்த கரண்டியால் இரும்புக் கட்டிலைத் தட்டுவான்.

“மறுபடியும் மாநாடு!”

“தெரியுது. அக்கம்பக்கத்துல எல்லாரையும் எழுப்பாதே.”

“அவங்களுக்கும் மாநாடு முடிஞ்சது தெரியட்டுமே.”

ஒரு மாதம் கரண்டி ஒலித்தது. முதலில் நாளுக்குப் பத்துத் தடவை, பிறகு மூன்று, பிறகு ஒன்று. தேர்வுக்கு முந்தைய மூன்று நாளும் ஒலிக்கவே இல்லை. ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்தாள். நாணயத்தைக் காலணிக்குள் போட்டவன் கிளெப்தான். அவள் வேண்டாம் என்றாள். “ஐந்து கோபெக்குக்கு இன்னிக்கு ஒரு தீக்குச்சி கூட வராது. வேற எதுக்குத்தான் ஆகும்? இதுக்காவது ஆகட்டும்” என்றான்.

நவம்பர் மாதம். முதல் பனி விழுந்து மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கிளெப்புக்குத் துணையாக உட்கார வைத்தாள். கிரேச்கா தானியக் கஞ்சியைச் சிறிய அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி, மூடியைக் கயிற்றால் கட்டி, கம்பளித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கல்லூரி உணவுக்கூடம் கோடையிலிருந்தே மூடிக் கிடந்தது. தேர்வு சாயங்காலம்வரை இழுக்கும். பசித்த வயிற்றோடு எவரும் சரியாக யோசிப்பதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

தேர்வு அறையில் சன்னலுக்குக் கீழே அறையைக் கதகதப்பாக்கும் வெந்நீர்க் குழாய் அடுக்கு ஒன்று சூடாக இருந்தது. அதன்மேல் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

குழுவின் தலைவர் இன்னோகென்தி பாவ்லோவிச். அறுபது வயது, பருத்த உடம்பு, மூச்சு வாங்கும் ஆள். முகத்தின் சிவப்பைப் பார்த்தே இரத்த அழுத்தம் என்று ரிம்மா முடிவு செய்தாள். அவருக்கு வலப்பக்கம் இங்கா ல்வோவ்னா. முப்பது வயதிருக்கும். ஆறு மாதம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள் என்று பேசிக்கொண்டார்கள். சிரிக்கவே இல்லை. மூன்றாவது ஆள் நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருந்தார்.

முதலில் துறைத் தலைவர் கென்னாதி சவெல்யெவிச் எழுந்தார். முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சீட்டு நீட்டிய கை, மேசை மேல் இங்கும் அங்கும் அலைந்து ஒன்றை எடுத்தது. படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏகபோகம்” என்றார். “ஏகபோகத்தைப் பத்தி நான் அரை மணி நேரம் யோசிக்கணுமா? முப்பது வருஷம் அதுலயேதானே வேலை பார்த்தேன்!”

சீட்டை மறுபடி கவிழ்த்து வைத்தார், ஏதோ பிள்ளையைத் தூங்க வைப்பது போல மெதுவாக. ஆணியில் தொங்கிய ரோமத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“கென்னாதி சவெல்யெவிச், எங்கே போறீங்க?” என்றாள் துறை உதவியாளர் ஸோயா.

“மூச்சு விட, ஸோயா கண்ணு. நீங்க நடத்துங்க.”

அவர் திரும்பி வரவில்லை. வசந்த காலத்தில் ரயில் நிலையத்தின் எதிரே பெட்டிக்கடை போட்டு, துருக்கியிலிருந்து வந்த சூயிங்கமும் காலுறையும் விற்றார். அந்தத் துறையிலேயே புதுப் பாடத்தை முதலில் கற்றவர் அவர்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அன்று அந்தக் கதவு மூடிய சத்தம் கேட்டு மற்றவர்களின் முகம் வெளுத்தது. அவருக்கே இந்தக் கதி என்றால்!

ரிம்மாவின் முறை பதினொன்றரைக்கு வந்தது. பதினான்காம் எண் சீட்டு. ‘சமநிலை விலை.’ தெரிந்த பாடம்தான். மாணவர் மேசையில் போய் உட்கார்ந்து பீட்சாவை நினைவுக்குக் கொண்டுவந்தாள். மேசைப் பலகையில் யாரோ ஒரு மாணவன் கத்தியால் கீறி வைத்திருந்தான்: ‘ஐந்தாண்டுத் திட்டத்தம்மா பேச ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் தூக்கம்.’ ஐந்தாண்டுத் திட்டத்தம்மா யார் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவளேதான். எழுத்துப்பிழை இல்லாமல்தான் கீறியிருந்தான்.

அரை மணி ஆனது. எழுந்து மேடைக்குப் போனாள். குதிகாலில் நாணயம் குத்தியது. சுண்ணக்கட்டியை எடுத்தாள். நிமிர்ந்து நின்றாள். குரல் தெளிவாக, நன்றாக, அறை முழுவதும் கேட்கும்படி வந்தது:

“கட்சியின் இருபத்தேழாவது மாநாடு மிகச் சரியாகச் சுட்டிக்காட்டியபடி, தேவையும் அளிப்பும் சந்திக்கும் இடத்தில்தான் விலை...”

நின்றாள்.

ணங் என்று கரண்டி அடித்தது அவள் தலைக்குள் மட்டும்தான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து, இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. ஸோயா கண்ணை மூடிக்கொண்டாள். எழுதிக்கொண்டே இருந்தவரின் பேனா நின்றது.

“அப்படியா?” என்றாள் இங்கா ல்வோவ்னா. “மாநாடு விலையைப் பத்தி வேற என்ன சொல்லிச்சு?”

போயிற்று என்று ரிம்மாவுக்குத் தெரிந்தது. பீட்சாவும் போயிற்று, சாண்ட்விச்சும் போயிற்று, மனப்பாடம் செய்த நாற்பது பக்கமும் தண்ணீரில் கழுவிய பலகைபோல ஆயிற்று. தலை சுற்றினால் உட்கார வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் மேடையிலிருந்து இறங்கி, சன்னலோரம் போய், துண்டில் சுற்றிய பாத்திரத்தை எடுத்தாள்.

“என்ன செய்யறீங்க?”

“மாநாடு என்ன சொல்லிச்சுன்னு காட்டறேன்.” துண்டை அவிழ்த்தாள். பாத்திரத்தை நேராகத் தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். “இன்னோகென்தி பாவ்லோவிச், இதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு அடியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க. சாய்ச்சிடாதீங்க, என் மத்தியானச் சாப்பாடு உள்ள இருக்கு.”

“சூடா இருக்கே!”

“துண்டோட பிடிங்க.”

தலைவர் கழுத்தை வளைத்து, தேவாலய முகட்டுச் சித்திரத்தைப் பார்ப்பவர் போல அண்ணாந்து படித்தார். அங்கே உலோகத்திலேயே அழுந்தப் பதிந்திருந்தது, எல்லோர் வீட்டுப் பாத்திரத்திலும் இருந்ததைப் போலவே. “விலை ஒரு ரூபிள் நாற்பது கோபெக்.”

“இதான் மாநாடு சொன்னது” என்றாள் ரிம்மா. “வார்ப்புலயே போட்டுட்டாங்க. அழிக்க முடியாது. சரி. இப்ப இதை நான் விக்கிறேன்னு வெச்சுக்குங்க. முந்நூறு ரூபிள். யார் வாங்குவீங்க?”

இது தேர்வா, சந்தையா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஸோயா கையைத் தூக்கினாள்.

“நான். என் பாத்திரம் ஓட்டை.”

“ஒண்ணு. இருநூறுன்னா?”

மூன்று கை. நூறு என்றதும் ஆறு. ஐம்பது என்றதும் பத்துக் கை எழுந்தன, அதில் ஒன்று, தன்னை மறந்து, தலைவருடையது. ரிம்மா ஒவ்வொன்றையும் பலகையில் புள்ளியாக வைத்தாள்.

“ஒரு ரூபிள் நாற்பதுன்னா?”

“எனக்கு நாலு குடுங்க!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. “வெளிய போய் வித்துடறேன்!”

அறை சிரித்தது. இந்த முறை இருமலாக மாற்ற எவரும் முயலவில்லை.

“வீட்டுல இருக்கறதை விக்கறவங்க யாரு? ஐம்பதுக்கு?” ஒருவரும் இல்லை. நூறுக்கு ஒருவர். இருநூறுக்கு மூவர். முந்நூறுக்கு ஐவர். அந்தப் புள்ளிகளையும் வைத்து, இரண்டு கோடுகளையும் இழுத்தாள். இருநூறில் வெட்டிக்கொண்டன. “இங்க மூணு பேர் வாங்கறாங்க, மூணு பேர் விக்கறாங்க. யாரும் யாரையும் இடிச்சுக்கலை. இதுதான் சமநிலை விலை. இப்ப மாநாட்டு விலையைப் பாருங்க.”

கீழே, பலகையின் அடியில், ஒரு ரூபிள் நாற்பதில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். வாங்க விரும்பியவர்களின் கோடு பலகையின் ஓரம் வரை போயிற்று. விற்கிறவர்களின் கோடு அந்தப் பக்கமே வரவில்லை.

“நடுவுல இவ்வளவு இடைவெளி இருக்கே, அதுக்கு என்ன பேரு?” என்று கேட்டாள் இங்கா.

“புத்தகத்துல பற்றாக்குறைன்னு போட்டிருக்கு. நம்ம ஊர்ல அதுக்கு வரிசைன்னு பேரு.”

“அப்ப இந்தப் பாத்திரத்துக்கு நீங்க உண்மையில குடுத்த விலை என்ன?”

“எழுபத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில வாங்கினேன். ஒரு ரூபிள் நாற்பது கோபெக்கும், பனியில நாலு மணி நேரமும். நாலு மணி நேரத்தை அடியில அச்சடிக்கலை. அதான் மாநாட்டுக்குத் தெரியலை.”

இங்கா பென்சிலைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை. ஆனால் கேட்டது ஊசிபோல இருந்தது.

“ரிம்மா அர்க்காதியெவ்னா, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இருபத்துநாலு வருஷம் வேற பாடம் சொல்லிக் குடுத்தீங்களா?”

பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தத்தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி அவர்களுக்கும்தான்.

“ஆமா” என்றாள் ரிம்மா. வேறு என்ன சொல்வது? “காலைல ஆறு மணிக்கு வரிசைல நின்னேன். பத்து மணிக்கு இங்க வந்து, திட்டமிட்ட பொருளாதாரத்துல வரிசையே வராதுன்னு சொன்னேன். பிள்ளைங்களும் வரிசைல நின்னுட்டுத்தான் வந்திருப்பாங்க. அவங்களும் தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. யாரும் யாரையும் ஏமாத்தலை. எல்லாருக்கும் தெரியும். ஆனா களைப்பா இருந்துச்சு.”

“இனிமே?”

“இனிமே நின்ன இடத்தையே பாடமா சொல்லலாம். ரெண்டு ஆளா இருக்க வேண்டாம். அலைச்சல் மிச்சம்.”

இங்கா குறிப்பேட்டின் பக்கத்தைத் திருப்பினாள். தலைவர் இன்னும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டும்போலிருந்தது. ரிம்மா போய் வாங்கிக்கொண்டாள்.

முடிவு தெரிய நான்கு மணி ஆயிற்று. அதுவரை நடைகூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன கஞ்சியைச் சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை, ஆனால் மிச்சம் வைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் செத்த வீட்டில் உட்காருவது போல நாகரிகமாக உட்கார்ந்திருந்தார்கள். மாநாட்டைச் சொன்ன பிறகு தேற முடியாது என்று அவர்களும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள்.

ஸோயா தாளோடு வெளியே வந்தாள். ஏழு பேர் தேறியிருந்தார்கள். நான்காவது பெயர் அவளுடையது. பக்கத்தில் குறிப்பு: ‘பாடநூலின் எடுத்துக்காட்டுகளைப் பயன்படுத்தவில்லை. அவை தேவைப்படவும் இல்லை.’ கையெழுத்து இங்காவுடையது என்று ஸோயா காதோரம் சொன்னாள்.

ரிம்மா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. குதிகால்தான் எரிந்தது. காலணியைக் கழற்றினாள். நாணயம் இருந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கொப்புளம்.

மேலங்கி போட்டபடி வந்த தலைவர் நின்றார். “உடைக்காதீங்க. அதுவா வத்தட்டும்.”

“தெரியும், இன்னோகென்தி பாவ்லோவிச். நீங்க உப்பைக் குறைங்க.”

அவர் சிரித்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். “போன வாரம் பென்சா நகரத்துல தேர்வை நான்தான் தொடங்கி வெச்சேன். எழுந்து நின்னு, ‘கட்சியின் இருபத்தெட்டாவது மாநாடு’ன்னுட்டேன். நீங்க பரவாயில்லை. என்ன, உங்களுது ஒரு மாநாடு பழசு.”

டிராலிபஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இருபத்துநான்கு வருடமாகத் தோளில் என்னவோ ஒன்றைச் சுமந்துகொண்டு இதே வழியில் போயிருக்கிறோம், இன்று அது இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. என்ன என்று யோசித்துப் பார்க்குமுன் இறங்கும் இடம் வந்துவிட்டது.

கிளெப் கரண்டியோடு காத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டு போனதும் கேட்டான்.

“மாநாட்டைச் சொன்னியா?”

“சொன்னேன்.”

ணங்.

“அப்புறம்?”

“தேறிட்டேன்.”

கரண்டி காற்றிலேயே நின்றது. அவன் முகத்தின் இடப்பாதி சிரித்தது, வலப்பாதி வழக்கம்போல் சும்மா இருந்தது. கண் இரண்டும் நனைந்தன. அவள் துண்டை எடுத்து அவற்றைத் துடைத்தாள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கண் சீக்கிரம் நனையும். பிறகு அவனை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகைத் துடைத்து, தன் குதிகால் கொப்புளத்துக்கு அயோடின் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்தப் பாத்திரம் எவ்வளவுக்குப் போச்சு?”

“இருநூறு.”

“வித்துட்டியா?”

“வித்துட்டு உனக்கு எதுல கஞ்சி வைக்கிறது? கேள்வியைப் பாரு.”

மறுநாள் காலை முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு இருந்தது. வெற்றுத்தாளுக்கு விலை ஏறிக் கிடந்தது. ரிம்மா அலமாரியின் அடித்தட்டிலிருந்து 1976-இல் எழுதிய பாடக் குறிப்புகளை எடுத்தாள். நல்ல தடித்த தாள். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது. கட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். முதல் வாக்கியத்தை எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பார்த்தாள்:

“உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.”

கரண்டி ஒலிக்கவில்லை. அடுத்த வாக்கியத்தையும் படித்தாள். அதற்கும் ஒலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். கிளெப் தூங்கிப் போயிருந்தான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. தேர்வு அறை மேசையில் கீறி வைத்த மாணவன் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு, கிளெப்பின் கையிலிருந்த கரண்டியை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, மூன்றாவது வாக்கியத்தை எழுதினாள்.